கழற்ற ஒன்பது நாள், பூட்டப் பத்தொன்பது மாதம்

லொறியில் இருந்து சட்டகத்தை இறக்கியபோது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, இரும்புக் கட்டில் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டார். அவரைக் குறைசொல்ல முடியாது. சதுர இரும்புக் குழாய்களைக் கோத்து ஒட்டி, கறுப்புப் பூச்சுக் கொடுத்த வெறுங்கூடு அது. அவரும் நானும் என் மகளுமாகத் தூக்கிக் கராஜுக்குள் வைத்துவிட்டோம். அதன் பின்னால் ஃபைபர்கிளாஸ் மூக்கு ஒன்று, சக்கரங்களுக்கு மேலே வரும் நான்கு மூடிகள், மடித்த அலுமினியத் தகடுகள், பிளாஸ்டிக் பைகளில் நட்டும் போல்ட்டும், மூன்று தாளில் பொருட்பட்டியல் எல்லாம் இறங்கின. இவ்வளவுக்கும் 5,400 பவுண். வீட்டிலேயே பூட்டி ஓட்டும் இரண்டிருக்கை ஸ்போர்ட்ஸ் கார் இது. லண்டன் ஹரோவில் என் கராஜில் அதைப் பூட்டி முடித்து ஒரு கோடைகாலம் ஓட்டியும்விட்டேன். வாங்கலாமா என்று கேட்பவர்கள் கூடிவிட்டதால் எல்லாவற்றையும் எழுதிவைக்கிறேன்.

எனக்கு விற்றவர்களின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஐந்தாறு பேர் உழைக்கும் பட்டறை அது. நான் சொல்லும் குறைகளில் பாதி இந்த ரகத்தில் எதை வாங்கினாலும் வரும். மற்றப் பாதியை அவர்களிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

இந்த ரகத்துக்கெல்லாம் மூதாதை லோட்டஸ் நிறுவனர் கொலின் சாப்மன் 1957 இல் வெளியிட்ட லோட்டஸ் செவன். அந்நாளில் பிரித்தானியாவில் முழுக் காராக வாங்கினால் கொள்வனவு வரி உண்டு. துண்டு துண்டாக வாங்கி வீட்டில் பூட்டினால் இல்லை. பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் சலுகை போய்விடும் என்பதால் கழற்றும் முறையை எழுதிக் கொடுத்தார்களாம். வாங்கியவர் அதைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசித்துப் பூட்டினாராம். இந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் கதை இது. 1973 இல் பெறுமதி சேர் வரி வந்ததும் அந்தச் சலுகை ஒழிந்தது. அதே ஆண்டு செவனின் உரிமை கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குப் போனது. அவர்கள் இன்றும் அதைக் கிட்டாக, அதாவது பூட்டாத துண்டுகளாக, தருகிறார்கள். எல்லாம் புதிது, விலையும் அதற்கேற்றபடி. என் கைக்கு எட்டியது வேறு வகை. சட்டகமும் உடலும் மட்டும் புதிது. எஞ்சின், கியர்பெட்டி, பிரேக், ஸ்டியரிங் எல்லாம் ஒரு பழைய மஸ்டா எம்எக்ஸ்-5 காரில் இருந்து வரவேண்டும்.

கடைசி வரியிலிருந்து வாசிக்கும் அந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு அப்பா நினைவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்களைத் திருத்தியே காலம் கழித்தவர். சாக்கை விரித்து, கழற்றுவதை எல்லாம் இடமிருந்து வலமாக வரிசையில் வைப்பார். பூட்டும்போது வலமிருந்து இடமாக எடுத்துக்கொண்டு வருவார். அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. அந்தத் துணிச்சலில்தான் நானும் இறங்கினேன்.

கழற்றும் காரை 1,100 பவுணுக்கு வாங்கினேன். 1991 ஆம் ஆண்டுச் சிவப்பு எம்எக்ஸ்-5, 1.6 லீற்றர். பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் அடிவிளிம்பு உக்கிப்போவது அந்தக் காரின் பரம்பரை நோய். இதிலும் விரல் போகும் அளவுக்கு ஓட்டை. நமக்கென்ன, உடலைத்தான் எறியப்போகிறோம். ஒன்பது நாளில் முழுக் காரையும் சாக்கில் பரப்பிவிட்டேன். அதில் மூன்று நாளை ஒரே ஒரு போல்ட் தின்றது. பின்சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பின் அடியில் குறுக்காக ஓடும் நீண்ட போல்ட் அது. முப்பது வருட மழையும் தெரு உப்பும் சேர்ந்து அதை உள்ளிருக்கும் உருளையோடு ஒன்றாக்கிவிடும். எண்ணெய் ஊற்றினேன், சூடாக்கினேன், சுத்தியலால் அடித்தேன், யாரும் கேட்காத நேரத்தில் திட்டியும் பார்த்தேன். கடைசியில் இரண்டு பக்கமும் அறுத்துத்தான் எடுத்தேன். இதே காரைக் கழற்றப்போகிறவர்கள் புதுப் போல்ட்டையும் அதைச் சுற்றி வரும் புஷ் என்ற ரப்பர் உருளைகளையும் முன்கூட்டியே வாங்கிவையுங்கள். கழற்றி முடிந்த பிறகு வாங்கலாம் என்று காத்திருந்தால் வேலையின் சூடு ஆறிப்போகும்.

இனி பெட்டியில் வந்தவற்றுக்கு வருகிறேன்.

சட்டகம் முதல்தரம். மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தேன். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் ஒரு மில்லிமீற்றர்தான் வித்தியாசம். ஒட்டு வரிகள் தையல் போல் ஒரே சீர். சஸ்பென்ஷன் கைகள் முதல் முயற்சியிலேயே துளையோடு துளை பொருந்தின. காசு எங்கே போயிருக்கிறது என்று அதைப் பார்த்தாலே தெரியும். ஃபைபர்கிளாஸ் அப்படியல்ல. மூக்கின் வலது பக்கம் இடதைவிட ஆறு மில்லிமீற்றர் தாழ்வு. இரண்டு வார இறுதி முழுக்க முகமூடி போட்டுக்கொண்டு தேய்த்தேன். அலுமினியத் தகடுகளைப் பசை பூசி ரிவெட் அடிக்கும் வேலை சலிப்பானது, ஆனால் கடினமில்லை. மகளும் நானும் போட்டி போட்டு அடித்தோம். அவள் அடித்த பக்கம்தான் நேர்.

கைநூல் பற்றி இரண்டு வரியில் முடிக்க நினைத்தேன், முடியவில்லை. 42 பக்கம். படங்களில் இருப்பது வேறு வருடத்து மாதிரி. அதில் பிரேக் குழாய் போகும் இடத்தில் என் சட்டகத்தில் குறுக்குக் குழாய் இருக்கிறது. ‘ஏற்ற முறையில் பொருத்தவும்’ என்ற வரி பதினொரு இடத்தில் வருகிறது. எண்ணிப் பார்த்துவிட்டே சொல்கிறேன். எது ஏற்றது என்று தெரிந்தால் நான் ஏன் ஐயா கைநூலைத் திறக்கிறேன்?

அப்பாவின் சாக்கு முறையும் இங்கேதான் கையை விரித்தது. மஸ்டாவில் கழற்றியதைத் திரும்ப மஸ்டாவிலேயே பூட்டினால் வலமிருந்து இடமாக வரலாம். இங்கே ஒவ்வொரு உறுப்புக்கும் தன் பழைய வீடுதான் தெரியும். புது வீட்டில் எங்கே உட்காருவது என்று அதற்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஸ்டியரிங் தண்டு புகைக்குழாயை உரசியது. கியர்க் கம்பு என் முழங்கைக்குப் பின்னால் முளைத்தது. ரேடியேட்டர்க் குழாய் எதுவும் நீளம் காணவில்லை. மஸ்டாவின் உறுப்பும் பிழையில்லை, பட்டறைக்காரர்களின் சட்டகமும் பிழையில்லை. இரண்டு சரியான பொருட்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை நிரப்புவதிலேயே பத்தொன்பது மாதத்தில் பெரும்பகுதி போனது. கிட் வாங்குகிறவர் உண்மையில் காசு கொடுத்து வாங்குவது இந்த இடைவெளியைத்தான். விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ‘ஒரு பழைய காரும் எங்கள் பெட்டியும் போதும்’ என்றுதான் இருந்தது.

ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும். மாலை ஐந்து மணிக்கு முன் தொலைபேசியில் கூப்பிட்டால், ஒட்டு வேலை செய்துகொண்டிருக்கும் பையன் அதை நிறுத்திவிட்டு வந்து பதில் சொல்வான். ஸ்டியரிங் தண்டுச் சிக்கலை அவன்தான் தீர்த்தான். அந்தப் பதில்களை எழுதிவைத்து அச்சடித்தாலே நல்ல கைநூல் ஒன்று கிடைத்துவிடும்.

வயர் வேலைதான் என்னை உண்மையாகவே படுத்தியது. மஸ்டாவின் வயர்க் கற்றை என் கைத்தண்டு பருமன். மின்கண்ணாடி, வானொலி, மேலெழும் விளக்கு போல இந்தக் காரில் இல்லாதவற்றுக்கான வயர்களை எல்லாம் வெட்டிக் கழித்து மெலிதாக்க வேண்டும். உணவு மேசையில் பரப்பிவைத்து, மூன்று வாரம் எங்கள் வீட்டில் எல்லோரும் சோபாவில் இருந்து சாப்பிட்டோம். கற்றை பாதியாக இளைத்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் தடவை சாவியைத் திருப்பினேன். எஞ்சின் உடனே பிடித்தது. சாவியில் இருந்து கையை எடுத்தேன், நின்றுவிட்டது. திரும்பத் திருப்பினேன், பிடித்தது. கையை எடுத்தேன், நின்றது. தீப்பொறியைப் பார்த்தேன், பற்றரியைப் பார்த்தேன், ஒரு வாரம் போனது. கடைசியில் அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து அப்பாவுக்கு அனுப்பினேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது, இந்தக் காலத்துக் கார்களின் மூடியை அவர் திறந்ததேயில்லை. ஒரு தடவைதான் கேட்டார். “தம்பி, இது எண்ணெய் கிடைக்காமல் சாகிற சத்தம்” என்றார்.

அவருக்கு அது தெரிந்த சத்தம். 1990களில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாமல் போனபோது ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். மாற்றும் கணம் பிசகினால், ஊற்றிய பெற்றோல் தீர்ந்ததும் எஞ்சின் இப்படித்தான் அடங்குமாம்.

பெற்றோல் பம்பைத் தேடிப் போனேன். இந்த 1.6 எஞ்சினில், சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை பம்புக்கு ஒரு வழியால் மின் போகிறது. கையை எடுத்த பிறகு, எஞ்சினுக்குள் காற்று போகிறது என்று காற்றளவிப் பெட்டியில் இருக்கும் மடல் அறிவித்தால் மட்டுமே பம்ப் தொடர்ந்து ஓடும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு. அந்தச் செய்தியைக் கொண்டுபோகும் வயரைத்தான் நான் பெருமையோடு வெட்டியிருந்தேன். வயர் வேலையில் நம்பிக்கை இல்லாதவர்கள் இந்த ரகக் காருக்கென்றே தயாரித்த புதுக் கற்றையை வாங்குங்கள். அதை வாங்காமல் நான் மிச்சம்பிடித்த காசு என் நிம்மதிக்கு ஈடாகவில்லை.

பூட்டிய காரைத் தெருவுக்குக் கொண்டுவர ஐவிஏ என்ற தனிவாகனச் சோதனையில் தேறவேண்டும். பலர் இதை நினைத்தே பயப்படுகிறார்கள். எனக்கு இந்தப் பயணத்திலேயே மிகவும் பிடித்தவர் அந்தச் சோதனையாளர்தான். 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்து தொடக்கூடிய வெளி விளிம்பு எதுவும் 2.5 மில்லிமீற்றர் ஆரத்துக்குக் குறையாமல் மழுங்கியிருக்க வேண்டும். புகைக்குழாய்ச் சத்தம் 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. எல்லாவற்றையும் தானே குனிந்து, தடவி, ஓட்டிப் பார்த்தார். முதல் தடவை தோற்றேன். வெளியே நீட்டிக்கொண்டிருந்த நான்கு போல்ட் முனைகள் ஒரு காரணம். திருப்பத்துக்குப் பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராதது மற்றது. இரண்டும் என் பிழை. போல்ட் முனைகளுக்குப் பிளாஸ்டிக் தொப்பி போட்டேன், முன்சக்கரங்கள் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாயும் கோணத்தைக் கூட்டினேன், மூன்று வாரத்தில் தேறிவிட்டது.

பதிவு இலக்கத்துக்கு ஒரு எச்சரிக்கை. புதுச் சட்டகத்தோடு குறைந்தது இரண்டு முக்கிய உறுப்புகள் ஒரே பழைய காரில் இருந்து வந்தவை என்று காட்டினால் அந்தப் பழைய காரின் வயதுக்குரிய இலக்கம் கிடைக்கும். காட்ட முடியாவிட்டால் ‘கியூ’ எழுத்தில் தொடங்கும் இலக்கம்தான். விற்கும்போது விலை இறங்கும். பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள், கழற்றும்போதே படம் எடுங்கள்.

மொத்தச் செலவு 11,360 பவுண், மஸ்டாவின் மிச்சங்களை விற்ற 740 கழித்த பிறகு. அதிர்வுத் தாங்கி, ரேடியேட்டர், டயர், இருக்கை, இருக்கைப் பட்டி எதுவும் அந்த 5,400 க்குள் இல்லை என்பதை மூன்று தாள் பட்டியலை மிகக் கவனமாக வாசித்தால் கண்டுபிடிக்கலாம். நான் கவனமாக வாசிக்கவில்லை. இந்தக் காசுக்கு யாரோ ஏற்கெனவே பூட்டிய கார் கிடைக்கும், அதுவும் ஓடும். ஆகவே ஓட்ட ஆசைப்படுகிறவர்கள் பூட்டியதை வாங்குங்கள். கராஜில் தனியாக இருக்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் பெட்டி.

ஓட்டம் எப்படி? 970 கிலோவை இழுத்த அதே 115 குதிரைவலு எஞ்சின் இப்போது 570 கிலோவை இழுக்கிறது; மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். கதவு கிடையாது, பக்கக்குழாய்க்கு மேலால் காலைத் தூக்கி வைத்து இறங்கவேண்டும். நெடுஞ்சாலையில் லொறிச் சக்கரத்தின் நட்டுகள் என் கண்ணுக்கு நேரே சுழல்கின்றன. மிதிகளுக்கு இடையே அவ்வளவு நெருக்கம். சாதாரணச் சப்பாத்தோடு ஓட்டினால் பிரேக்கோடு அக்சிலேற்றரும் அமுங்கும். ஓட்டச் சப்பாத்துக் கடையில் ஒடுக்கமான ஒரு சோடி வாங்கி அதற்கென்றே வைத்திருக்கிறேன். மழைக்கு ஒரு துணிக்கூரை தந்திருக்கிறார்கள். அதைப் பூட்டி முடிப்பதற்குள் நனைந்துவிடுவதால், பூட்டுவதில்லை.

மஸ்டாவின் கதவு, இருக்கை, கூரை எல்லாம் ஒரு மாதத்துக்குள் விற்றுப்போயின. பின்பக்க மூடி மட்டும் இன்னும் தோட்டத்து ஷெட்டில் சாய்ந்திருக்கிறது. சிவப்பு, உக்கல் இல்லை, ஒரு சிறு நெளிவு. ஹரோப் பக்கம் யாராவது பழைய எம்எக்ஸ்-5 வைத்திருந்தால் இலவசமாகவே எடுத்துக்கொண்டு போகலாம்; அது எப்போது போகும் என்று மனைவி கேட்டுக்கொண்டேயிருக்கிறார்.