திருப்பூர் புறநகர் அரசு மேல்நிலைப் பள்ளி: ஒரு அம்மாவின் கருத்து

மகளை ஆறாவதில் சேர்த்தபோது, "ஏனுங்க, பனியன் கம்பெனியில ரெண்டு பேரும் சம்பாதிக்கிறீங்க, பிரைவேட்ல போடக்கூடாதா" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இப்போது அவள் பிளஸ் டூ. எனக்கு வருத்தமே இல்லை. கணக்கு டீச்சர் ஒருத்தருக்காகவே இங்கே சேர்க்கலாம். சாயங்காலம் வேப்பமரத்தடியில் உட்கார வைத்து, விடைத்தாளில் எந்த வரியில் தப்பு விட்டாள் என்று விரல் வைத்துக் காட்டுவார், ஒடிசா, பீகார் பிள்ளைகளும் அதே வட்டத்தில் உட்கார்ந்து தமிழிலேயே சந்தேகம் கேட்பார்கள்.

பெரிய குறை கழிப்பறை. பெண்கள் பக்கம் நாலில் ரெண்டுக்குத் தாழ்ப்பாள் கிடையாது, மதியத்துக்கு மேல் தண்ணீர் வராது, அதனால் என் மகள் காலையில் தண்ணீரே குடிக்காமல் போகிறாள். இரண்டு கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன், இன்னும் சரியாகவில்லை. மனசு கொதிக்கிறது. இயற்பியலுக்கும் பாதி வருஷம் ஆசிரியர் இல்லை. மகளைக் கேட்டால், லேப் போதாது, ஆனால் பயமில்லாமல் கேள்வி கேட்கலாம் என்கிறாள்.

அப்புறம் ஒன்று, ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத இடஒதுக்கீடு உண்டு. பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும் வரும். பத்தாவது வரை தனியாரில் வைத்துவிட்டு பிளஸ் ஒன்னுக்கு இங்கே வந்தால் அந்த ஒதுக்கீடு கிடைக்காது. சேர்ப்பதென்றால் ஆறாவதிலேயே சேர்த்துவிடுங்க.