மணிலாவின் வானொலி, கெய்ரோவின் ஃபேஸ்புக்

1986 பிப்ரவரி 22 இரவு. பிலிப்பைன்ஸின் சர்வாதிகாரி மார்க்கோஸிடமிருந்து பிரிந்த அமைச்சர் என்ரிலேயும் தளபதி ராமோஸும் மணிலாவின் ராணுவ முகாமில் சிக்கிக்கிடந்தார்கள். கர்தினால் ஹைமே சின் கத்தோலிக்க வானொலியான ரேடியோ வெரித்தாஸில் பேசினார்: வெளியே வாருங்கள், அவர்களைக் காப்பாற்றுங்கள். ஜனங்கள் முகாமை ஒட்டிய எட்சா சாலைக்குத் திரண்டார்கள். மறுநாள் ராணுவம் அந்த வானொலியின் டிரான்ஸ்மிட்டரை உடைத்தது. ஆனால் அறிவிப்பாளர் ஜூன் கீத்லி வேறொரு நிலையத்திலிருந்து, படைகள் எந்தப் பக்கம் நகர்கின்றன என்று விடியவிடியச் சொல்லிக்கொண்டிருந்தார். சாலையில் காதோரம் டிரான்சிஸ்டரோடு நின்றவர்கள் அதைக் கேட்டு அந்தப் பக்கம் ஓடினார்கள். 25-ஆம் தேதி மார்க்கோஸ் நாட்டை விட்டே போய்விட்டார்.

எகிப்தில் வேறு கதை. 2010-இல் அலெக்சாண்ட்ரியாவில் போலீஸ் அடித்துக் கொன்ற காலித் சயீத் பெயரில் தொடங்கிய ஃபேஸ்புக் பக்கம், 2011 ஜனவரி 25-இல் போராட ஆட்களை அழைத்தது. அதிபர் முபாரக்கின் அரசு 27-ஆம் தேதி நள்ளிரவில் இணையத்தைத் துண்டித்தது. சரி, அடங்கினார்களா? மறுநாள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் முன்னைவிடப் பெரிய கூட்டம் தெருவில் இறங்கியது. அப்புறம் கூட்டம் திரண்ட கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தை உலகுக்குக் காட்டியது அல் ஜசீரா தொலைக்காட்சி. பிப்ரவரி 11-இல் முபாரக் விலகினார்.

மக்கள் எழுச்சிக்குக் கைகொடுத்ததில், எனக்கு வானொலிதான் ஒரு படி மேல். ஃபேஸ்புக் நாள் குறித்துக் கொடுத்தது. வானொலியோ அந்தந்த நிமிடத்தில், தெருவில் நின்றவர்களுக்கு வழிகாட்டியது.