வேப்பெண்ணெய்: கபோஸ் லேன் போத்தலா, ரெடிமேட் ஸ்பிரேயா?

கொழும்பில் பல்கனித் தோட்டக்காரருக்கு வேப்பெண்ணெய் மூன்று உருவத்தில் கிடைக்கிறது. புறக்கோட்டை கபோஸ் லேன் நாட்டு மருந்துக் கடைகளில் சின்னப் போத்தலில் வரும் செக்கெண்ணெய் ஒன்று. விவசாயப் பொருள் கடைகளில் அசாடிராக்டின் அளவு எழுதி விற்கும் செறிவு மருந்து இன்னொன்று. மூன்றாவது, பூங்கன்று விற்கும் இடங்களில் ‘அப்படியே அடிக்கலாம்’ என்று வைத்திருக்கும் ஸ்பிரே போத்தல். மூன்றிலும் வேப்பிலைப் படம்தான் ஒட்டியிருக்கும், உள்ளே இருப்பது ஒன்றல்ல.

ஸ்பிரேயை முதலில் பேசி முடித்துவிடலாம். வேம்பில் வேலை செய்யும் முக்கியப் பொருளான அசாடிராக்டின் தண்ணீரில் நிலைத்து நிற்காது, கலந்த நேரத்திலிருந்தே சிதையத் தொடங்கும். சூடும் வெளிச்சமும் பட்டால் இன்னும் வேகம். முன்கூட்டியே தண்ணீர் கலந்து, கொழும்பு வெக்கையில் மாதக்கணக்காக றாக்கையில் நின்ற போத்தலில் மிஞ்சுவது பெரும்பாலும் எண்ணெயும் சவர்க்காரமும்தான். அதுவும் வீணில்லை, மென்மையான உடம்புள்ள பூச்சிகளை மூடி மூச்சுமுட்ட வைக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். லீற்றருக்கு 5 மில்லி என்ற வழமையான அளவில், 500 மில்லி ஸ்பிரேக்குத் தேவை அரைத் தேக்கரண்டி எண்ணெய். 100 மில்லி செக்கெண்ணெய் 20 லீற்றருக்குப் போதும். இரண்டே இரண்டு பூச்சாடி வைத்திருப்பவருக்கு ஸ்பிரே வசதி. மற்றவர்கள் தண்ணீருக்குக் காசு கொடுக்கிறார்கள்.

செறிவு மருந்தில் 300, 1500, 10,000 பிபிஎம் (பத்து இலட்சத்தில் எத்தனை பங்கு) என்று எண் இருக்கும். அதுதான் அசாடிராக்டின் அளவு. 1500 என்றால் லீற்றருக்கு 3 முதல் 5 மில்லி, 10,000 என்றால் 1 முதல் 2 மில்லி வழமை. லேபிளில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். தண்ணீரோடு கலக்கவைக்கும் பொருள் ஏற்கெனவே உள்ளே இருப்பதால் சவர்க்காரம் சேர்க்கத் தேவையில்லை. பீடைகொல்லி என்று சொல்லி விற்பதாயின், 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிந்திருக்க வேண்டும். பதிவு இலக்கமும் காலாவதித் திகதியும் இல்லாத போத்தலை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வாக்கு செக்கெண்ணெய்க்குத்தான், ஒரு குறையோடு. அதில் அசாடிராக்டின் எவ்வளவு என்று எவரும் எழுதுவதில்லை, போத்தலுக்குப் போத்தல் மாறும். அதனால் மூக்கையும் கண்ணையும் நம்ப வேண்டியிருக்கிறது. நல்ல எண்ணெய் மண்நிறம் கலந்த மஞ்சள். மூடியைத் திறந்ததும் பழைய உள்ளியும் கசப்பும் சேர்ந்த வாடை முகத்தில் அடிக்கும். தெளிந்த பொன்னிறமாய், வாடையே இல்லாமல் இருந்தால் அது சுத்திகரித்தது, பெரும்பாலும் அசாடிராக்டின் நீங்கியது. குளிர்ப்பெட்டியில் ஓர் இரவு வைத்தால் நெய் போல இறுக வேண்டும். தண்ணீராகவே நின்றால் கனிம எண்ணெய் கலந்திருக்கலாம். தேங்காயெண்ணெய் கலந்திருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது, அதுவும் இறுகும். அங்கே வாடைதான் சாட்சி. நுவரெலியாவில் இருக்கும் உறவினருக்கு வாங்கி அனுப்புவோர், போத்தல் இறுகிவிட்டது என்று அழைப்பு வந்தால் பயப்பட வேண்டாம். இளஞ்சூட்டுத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் இளகும், அடுப்பில் மட்டும் காய்ச்சக் கூடாது.

எண்ணெய் வேலை செய்யவில்லை என்ற முறைப்பாடுகளில் பல கலக்கும் முறையால் வருகின்றன. ஒரு லீற்றருக்கு 5 மில்லி எண்ணெய், 1 முதல் 2 மில்லி மென்மையான திரவச் சவர்க்காரம். முதலில் ஒரு கோப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் சவர்க்காரத்தைக் கரையுங்கள். அதில் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்குங்கள். பால்தேத்தண்ணியின் முதல் கலக்கல் போல வெளுத்து வந்த பிறகே மீதித் தண்ணீர். கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். மேலே பொன்கண்கள் மிதந்தால் சேரவில்லை. இந்தச் சோதனையைச் சோம்பலில் விட்டால் நடப்பது இதுதான்: ஸ்பிரேயின் குழாய் அடியிலிருந்து உறிஞ்சுவதால் முதல் செடிகளுக்கு வெறும் சவர்க்காரத் தண்ணீர் போகும், கடைசிச் செடிக்குக் கலக்காத எண்ணெய். வரிசையில் கடைசியாக அடித்த கொச்சிக்காய்ச் செடி மட்டும் கருகினால் காரணம் அங்கே இருக்கிறது. எண்ணெய்க் கறை நீக்கும் கடுமையான பாத்திரத் திரவம் இலையின் மெழுகையும் சேர்த்து நீக்கிவிடும், வேண்டாம். கிணற்றுத் தண்ணீரில் சவர்க்காரம் திரைந்தால் குழாய்த் தண்ணீருக்கு மாறுங்கள். கலந்ததை அன்றே அடித்து முடிக்க வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைக்க முடியாது.

அடிக்கும் நேரம் மாலை ஐந்தரைக்குப் பிறகு. வெயிலில் எண்ணெய் இலையைச் சுடும், அசாடிராக்டினும் சிதையும். ஆனால் மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் மாலையில்தான் இடிமழை கொட்டும். அந்த மாதங்களில் விடியற்காலைக்கு மாறிக்கொள்ளுங்கள். புதுச் செடியென்றால் ஓர் இலையில் மட்டும் அடித்து ஒரு நாள் பாருங்கள். பிறகு இலையின் அடிப்பக்கம் சொட்டும்வரை அடிக்க வேண்டும், வெள்ளை ஈயும் அழுக்கணவனும் குடியிருப்பது அங்கேதான். ஏழு நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை. ஒரே அடியில் பூச்சி விழவில்லை என்று மறுநாளே அளவைக் கூட்டுவது வழக்கமான தவறு. அசாடிராக்டின் பூச்சியை உண்ண விடாமலும் தோலுரிக்க விடாமலும் தடுப்பது, பலன் தெரிய நாள் எடுக்கும்.

கொச்சிக்காய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி (த்ரிப்ஸ்), கவிழ்ந்து கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணி. ஏற்கெனவே சுருண்ட இலை நிமிராது. புதுத் துளிர் நேராக வருகிறதா என்றே பார்க்க வேண்டும். சிற்றுண்ணிக்குக் கந்தகம் அடித்திருந்தால் இரண்டு வாரம் எண்ணெய் பக்கமே போகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் இலை வெந்துபோகும்.

செவ்வரத்தையில் படியும் வெண்மூட்டுப்பூச்சிக்கு வெறும் ஸ்பிரே போதாது. மெழுகுப் பஞ்சு தண்ணீரை உருட்டி விட்டுவிடும். பழைய பல்துலக்கியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்துவிட்டு அதன்பிறகு அடியுங்கள். எறும்பு ஏறும் வழியையும் அடைக்க வேண்டும். அது கழிக்கும் இனிப்பான தேன்நீருக்காக அந்தப் பூச்சியைக் காவல் காப்பது எறும்பு. பூச்சாடியைத் தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து ஏற்றலாம், தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கொருமுறை கொட்டாவிட்டால் டெங்கு நுளம்புக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகும். பப்பாசியில் உடல் ஊதி விறைத்த, ஓட்டை விழுந்த வெண்மூட்டுப்பூச்சிகள் கண்ணில் பட்டால் அடிப்பதை நிறுத்துங்கள். பூச்சிக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் ஒட்டுண்ணிக் குளவி உங்களுக்காக இலவசமாக வேலை செய்துகொண்டிருக்கிறது.

அதே கடைகளில் வேப்பம் பிண்ணாக்கு கிடைத்தால் வாங்குங்கள், தக்காளி வேரில் முடிச்சு விழுத்தும் வட்டப்புழுவுக்கு (மண்ணில் வாழும் நுண்புழு) எண்ணெயைவிட அதுவே நல்லது. 12 அங்குலச் சாடிக்கு ஒரு கைப்பிடி, மேல்மண்ணில் கிளறிவிட வேண்டும். மேலே தூவிவிட்டால் பூஞ்சணம் பிடித்து நாறும், தொடர்மாடியில் பக்கத்து வீட்டார் கதவைத் தட்டுவார்கள்.

உள்ளி, கொச்சிக்காய் அரைத்த கரைசல் விரட்டும், கொல்லாது. கடற்காற்று அடிக்கும் வெள்ளவத்தைப் பல்கனியில் அது திரும்பி உங்கள் கண்ணுக்கே வரும். புகையிலைக் கசாயம் ‘இயற்கை’ என்ற பெயரில் சுற்றுகிறது. நிக்கொட்டின் தோல் வழியே உடம்புக்குள் இறங்கும் நஞ்சு, போதாததற்குத் தக்காளிக்கும் கொச்சிக்காய்க்கும் புகையிலை வைரசைக் கொண்டுவந்து சேர்க்கக்கூடும். அதற்கு எங்களிடம் புள்ளியே இல்லை.

கீரைக்கும் மல்லித்தழைக்கும் வேப்பெண்ணெய் அடிக்காமல் இருப்பது நல்லது, எத்தனை தடவை அலசினாலும் கசப்பு நாக்கில் நிற்கும். மீன்தொட்டி இருக்கும் பக்கம் அடிக்க வேண்டாம். மருந்துக் கடையில் வாங்கியது என்பதற்காகப் போத்தலை மருந்துத் தட்டில் வைக்காதீர்கள்: குழந்தைகளுக்கு வேப்பெண்ணெய் உள்ளே போனால் வாந்தியில் தொடங்கி வலிப்புவரை கொண்டுபோகும். இருட்டான அலுமாரியில், பூட்டு உள்ள இடத்தில், வாங்கிய திகதியை மூடியில் எழுதி வையுங்கள்.