பால் (ball) கிளாக் செய்ய வாங்கிய குவார்ட்ஸ் மெஷின்: முதலாவது சொதப்பியது, இரண்டாவது ஓடுகிறது

நடுவில் ஒரு சிறிய வட்டு, அதைச் சுற்றிப் பன்னிரண்டு பித்தளைக் கம்பிகள், ஒவ்வொரு கம்பியின் நுனியிலும் ஒரு மர உருண்டை. எண்கள் கிடையாது. 1940களின் கடைசியில் அமெரிக்க வடிவமைப்பாளர் ஜார்ஜ் நெல்சனின் அலுவலகத்தில் உருவான பால் கிளாக், அதாவது உருண்டைக் கடிகாரம் இது. அப்போது ஹோவர்ட் மில்லர் என்ற கடிகார நிறுவனத்தார் தயாரித்தார்கள், இப்போது விட்ரா என்ற மரச்சாமான் நிறுவனத்தார் விற்கிறார்கள். மணி பார்க்கும்போது யாரும் எண்ணைப் படிப்பதில்லை, முட்கள் நிற்கும் நிலையைத்தான் பார்க்கிறோம், அதனால் எண் எதற்கு என்பது நெல்சனின் எண்ணம். எனக்கு அந்த எண்ணமே பிடித்துப்போனது. அசலின் விலை கட்டுப்படியாகாது, சரி, என் வீட்டுச் சுவருக்கு மட்டும் ஒன்றை நானே செய்துகொள்ளலாம் என்று இறங்கினேன்.

கம்பி வெட்டுவதும் உருண்டைக்கு வர்ணம் அடிப்பதும் பொறுமை இருந்தால் முடிந்துவிடும். 30 டிகிரிக்கு ஒன்றாக வட்டின் விளிம்பில் துளை போடும்போது மட்டும் கை ஆடக்கூடாது. இங்கே சொல்ல வந்தது உள்ளே இருந்து முட்களைச் சுற்றும் மெஷினைப் பற்றி. அதைத்தான் நான் இரண்டு முறை வாங்கினேன்.

முதலில் வாங்கியது சாதாரண குவார்ட்ஸ் மெஷின். 56 மில்லிமீட்டர் சதுரக் கறுப்புப் பெட்டி, ஒரு ஏஏ பேட்டரி, கூடவே மூன்று முள், வாஷர், நட். வாங்குவதற்கு முன் நான் பார்க்கத் தவறியது ஷாஃப்டின், அதாவது வட்டின் துளை வழியாக முன்னால் வந்து முட்களைத் தாங்கும் தண்டின் நீளம். அதில் மரை போட்ட பகுதி 12 மில்லிமீட்டர், என் மர வட்டின் தடிமன் 18. மரையின் நுனிகூட முன்பக்கம் எட்டவில்லை. பின்னாலிருந்து உளியால் 10 மில்லிமீட்டர் குடைந்து பெட்டியை உள்ளே இறக்கிய பிறகுதான் நட் பிடித்தது. வட்டின் விட்டம் 100 மில்லிமீட்டர், பெட்டியின் மூலைக்கு மூலை ஏறக்குறைய 79. அதனால் மூலைகளில் மரம் 10 மில்லிமீட்டர்தான் மிச்சம். நல்லவேளையாக மூலைகள் ஒவ்வொன்றும் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் வருவதுபோல அமைந்தன, கம்பித் துளை எதுவும் அங்கே விழவில்லை. பெட்டியைக் கோணலாக வைத்துவிடாதீர்கள்.

அப்புறம் முள். அசலில் ஒரு முள்ளில் முக்கோணமும் இன்னொன்றில் நீள்வட்டமும் இருக்கும். கூட வந்த பிளாஸ்டிக் முட்கள் அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை என்பதால் பித்தளைத் தகட்டிலேயே வெட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு! ஆனால் மறுநாள் காலையில் கடிகாரம் இருபது நிமிடம் பின்தங்கியிருந்தது. பக்கத்தில் நின்று கவனித்தேன்: ஆறைத் தாண்டி மேலே ஏறும்போது நிமிட முள் திணறுகிறது, ஒன்பதுக்கு அருகில் வந்ததும் நின்ற இடத்திலேயே துடிக்கிறது. முள் படுக்கைவாட்டில் நிற்கும் அந்த இடத்தில்தான் அதைத் தூக்க அதிக விசை வேண்டும், சின்ன மோட்டாருக்கு அது இல்லை. பேட்டரி தீரும் கடிகாரத்தில் நொடி முள் ஒன்பதுக்குப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதி.

இரண்டாவதாக வாங்கியது ஹை டார்க் (high torque) மெஷின், அதாவது முள்ளைச் சுற்றும் விசை அதிகமானது, ஷாஃப்டும் நீளமானது. நீளமான, கனமான முட்களுக்கென்றே இதைச் செய்கிறார்கள். முட்களையும் அரை மில்லிமீட்டர் அலுமினியத்தில் மறுபடி வெட்டி, நிமிட முள்ளுக்குப் பின்னால் சிறிய வால் விட்டு எடையைச் சமன் செய்தேன். பூட்டும்போது இரண்டு முள்ளையும் பன்னிரண்டில் நிறுத்திப் பூட்டுங்கள், இல்லாவிட்டால் மணி முள் எப்போதும் இரண்டு உருண்டைக்கு நடுவில் தப்பான இடத்தில் நிற்கும். நட்டை விரலால் இறுக்கினாலே போதும், குறடு போட்டால் முள் வளைகிறது.

இரண்டு மாதமாக ஓடுகிறது, மொத்தமே அரை நிமிடத்துக்குள்தான் வித்தியாசம். குறை என்றால் சத்தம். டிக் டிக் என்பது ஹாலில் கேட்கவில்லை, படுக்கையறையில் இரவில் நன்றாகக் கேட்கிறது. தூக்கம் லேசானவர்கள் நொடி முள் வழுக்கிக்கொண்டே போகும் ஸ்வீப் வகையைப் பாருங்கள், பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். சாதாரண ரீசார்ஜ் பேட்டரி போடாதீர்கள், அது 1.2 வோல்ட், மெஷின் கேட்பது 1.5.

விட்ரா இன்று விற்கும் அசலுக்குள்ளும் ஒரு ஏஏ பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் மெஷின்தான் இருக்கிறது. ஆகவே வீட்டில் செய்வது மட்டம் என்று யாரும் தயங்க வேண்டாம். ஹை டார்க் மெஷினுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு நான்கரை. முதலில் வாங்கியது கெட்ட பொருள் அல்ல, மெல்லிய டயலும் பிளாஸ்டிக் முள்ளும் வைப்பவர்களுக்கு அது போதும். எதை வாங்கினாலும் வட்டின் தடிமனை அளந்து, அதைவிட 3 மில்லிமீட்டராவது நீளமான மரை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.