முதல் ஏஸ் அட்டர்னி முடிந்தது, அடுத்து எது? இரண்டாம் பாகமா, மூன்றா, லண்டனா?

ஃபீனிக்ஸ் ரைட் என்ற வழக்கறிஞராக நாம் துப்புத் தேடி நீதிமன்றத்தில் வாதாடும் வீடியோ கேம் வரிசை ஏஸ் அட்டர்னி. அதன் முதல் பாகத்தை ரசித்து முடித்தவர்கள் முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. வரிசைப்படி இரண்டாம் பாகமான ‘ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ விளையாடலாம். அது சுமார்தான் என்று சொல்லும் பெருங்கூட்டத்தை நம்பி, நேரே மூன்றாவதான ‘ட்ரயல்ஸ் அண்ட் ட்ரிபுலேஷன்ஸு’க்குத் தாவலாம். இல்லையென்றால், முதல் பாகத்தைப் படைத்த அதே ஷூ டக்குமி பின்னாளில் எழுதி இயக்கிய ‘த கிரேட் ஏஸ் அட்டர்னி’யைக் கையில் எடுத்து லண்டனுக்குக் கப்பலேறலாம். மூன்றுமே நல்ல கேம்கள். ஆனால் முதல் பாகத்தை நேசித்தவர் அடுத்து விளையாட வேண்டியது இரண்டாம் பாகம்தான் என்பது என் உறுதியான கருத்து. மூன்றில் குறைகள் அதிகம் உள்ளதும் அதுதான். அப்படியிருந்தும் ஏன் என்பதைச் சொல்கிறேன். எந்த வழக்கின் முடிவையும் வெளியிட மாட்டேன்.

இரண்டாம் பாகத்துக்குக் கிடைத்த கெட்ட பெயரில் பாதி, அது வந்த காலத்தை நாம் மறந்துவிடுவதால் வந்தது. ஜப்பானில் முதல் பாகம் 2001இல் கேம் பாய் அட்வான்ஸில் வெளியானபோது அதில் நான்கு வழக்குகள்தான். இரண்டாம் பாகம் 2002இல் வந்தது, மூன்றாவது 2004இல். அதற்கெல்லாம் பிறகு, 2005இல் முதல் பாகத்தை நின்டெண்டோ டிஎஸ்ஸுக்குக் கொண்டுவந்தபோதுதான் ‘ரைஸ் ஃப்ரம் த ஆஷஸ்’ என்ற ஐந்தாவது வழக்கைச் சேர்த்தார்கள். கைரேகைப் பொடியைத் தூவலாம், லூமினால் தெளித்து ரத்தக்கறை தேடலாம், ஆதாரங்களை முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கலாம். எல்லாமே அந்தக் கூடுதல் வழக்கில் வந்தவை. அதை முடித்த சூட்டோடு இரண்டாம் பாகத்தைத் திறந்தால் இவை ஒன்றுமே இருக்காது. கேம் பின்னோக்கிப் போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் மூன்று ஆண்டு பழைய கேமைத்தான் நாம் பின்னால் விளையாடுகிறோம். ஆகவே என் யோசனை: நான்காவது வழக்கு முடிந்ததும் ஐந்தாவதை எடுத்து வைத்துவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போங்கள். மூன்றாவதையும் முடித்தபின் அதற்குத் திரும்பலாம். கதை குழம்பாது.

அப்படிப் போனால்தான் இரண்டாம் பாகம் புதிதாகக் கொண்டுவந்தது கண்ணில் படும். அதில் முதன்மையானது சைக்-லாக். முதல் பாகத்தில் நீதிமன்றம் எவ்வளவு விறுவிறுப்போ, வெளியே துப்புத் தேடும் பகுதி அவ்வளவு மந்தம். இடம் இடமாகப் போய், இருக்கும் எல்லோரிடமும் பேசி, கதை நகரும் வரை அலைய வேண்டும். இரண்டாம் பாகத்தில் ஒருவர் எதையாவது மறைத்தால், ஃபீனிக்ஸின் உதவியாளர் மாயா தந்த மகடாமா என்ற மந்திரக்கல் வழியாக அவரைச் சுற்றிச் சங்கிலிகளும் சிவப்புப் பூட்டுகளும் தெரிகின்றன. சரியான ஆதாரத்தை நீட்டி ஒவ்வொரு பூட்டாக உடைக்க வேண்டும். ஆதாரம் போதவில்லை என்றால் பாதியில் விலகிப் போய்த் தேடிவிட்டு வரலாம். குறுக்கு விசாரணையின் சுவை இப்படி நீதிமன்றத்துக்கு வெளியேயும் வந்துவிடுகிறது. அதைவிட முக்கியம், பூட்டு போட்டுக்கொள்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகள் அல்ல. வெட்கத்துக்காக, பயத்துக்காக, இன்னொருவரைக் காப்பதற்காக மறைப்பவர்களும் உண்டு. ஒருவரின் ரகசியத்தை வலிந்து திறக்கிறோமே என்ற சங்கடத்தை இந்த கேம் நமக்குத் தருகிறது. அது எனக்கு மிகவும் பிடித்தது.

தண்டனை முறையும் மாறியிருக்கிறது. முதல் பாகத்தில் ஐந்து ஆச்சரியக்குறிகள், தவறுக்கு ஒன்று போகும். இரண்டாவதில் ஒரு ஹெல்த் பார். இந்தக் கேள்வியில் தவறினால் எவ்வளவு போகும் என்பது முன்கூட்டியே மின்னிக் காட்டும். சில இடங்களில் பாதிக்கு மேல் மின்னும்போது கை தானாகத் தயங்குகிறது. ஆதாரங்களோடு மனிதர்களின் விவரக் குறிப்புகளையும் நீட்டலாம் என்று ஆக்கியதால் குத்துமதிப்பாகத் தப்பிப்பதும் கடினம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதல் வழக்கில் ஃபீனிக்ஸ் ரைட்டின் தலையில் அடிபட்டு நினைவு போய்விடுகிறது. விளையாடும் முறையை மறுபடி கற்றுத்தர அப்படி ஒரு சாக்கு. முதல் பாகத்தில் ஃபீனிக்ஸை எதிர்த்து வாதாடிய எட்ஜ்வொர்த்தின் இடத்தில் வரும் அரசு வழக்கறிஞர் ஃபிரான்சிஸ்கா வான் கார்மா பதின்மூன்று வயதிலேயே அந்தப் பதவிக்கு வந்தவர். எதிரில் நிற்பவர் யாரானாலும் சாட்டையால் விளாசுவார். பார்க்கக் கலகலப்புதான், ஆனால் எட்ஜ்வொர்த்திடம் இருந்த உள்போராட்டம் இவரிடம் வெகுநேரம் தென்படுவதில்லை. மூன்றாவதான சர்க்கஸ் வழக்கு நீள்கிறது, சாட்சிகள் எரிச்சலூட்டுகிறார்கள். அதைக் கடப்பதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

கடந்துவிட்டால் காத்திருப்பது ‘ஃபேர்வெல், மை டர்னபவுட்’ என்ற கடைசி வழக்கு. முதல் பாகம் முழுக்க ஃபீனிக்ஸ் ஒரே நம்பிக்கையில் வாதாடுகிறார்: என் கட்சிக்காரர் நிரபராதி, அதை நிரூபித்தால் போதும். இந்த வழக்கில் மாயாவைக் கடத்திவிட்டு, ஃபீனிக்ஸ் தன் கட்சிக்காரருக்கு விடுதலை வாங்கித் தந்தால்தான் அவள் உயிரோடு திரும்புவாள் என்கிறார்கள். இதெல்லாம் வழக்கு தொடங்கிய சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் ஒரு வழக்கறிஞர் எதற்காக இருக்கிறார் என்ற கேள்வி. முரண்பாட்டைக் கண்டுபிடித்தால் ஜெயிக்கலாம் என்று முதல் பாகம் நம்மைப் பழக்கியிருக்கிறது. இங்கே முரண்பாட்டைக் கண்டுபிடித்த பிறகும் அதைச் சொல்லலாமா என்று பட்டனில் விரலை வைத்தபடி யோசிக்க வேண்டியிருக்கிறது. இந்த வரிசையில் எழுதப்பட்ட வழக்குகளில் இதற்கு மேல் ஒன்றை நான் வைக்க மாட்டேன்.

சரி, மூன்றாம் பாகம்? கட்டமைப்பில் அதுதான் உயர்ந்தது, இதில் வாதமே இல்லை. கல்லூரி மாணவனான ஃபீனிக்ஸே குற்றவாளிக் கூண்டில் நிற்க, மாயாவின் அக்கா மியா ஃபே அவருக்காக வாதாடும் முதல் வழக்கிலேயே போட்ட விதை, கடைசி வழக்கில் மரமாகி நிற்கிறது. முகமூடியோடு, ஒரு விசாரணைக்குப் பதினேழு கோப்பைக்கு மேல் காபி குடிப்பதில்லை என்ற விதியோடு வரும் அரசு வழக்கறிஞர் கோடோவுக்கு ஃபீனிக்ஸ் மீது ஏன் இவ்வளவு வெறுப்பு என்ற புதிர் கடைசி வரை தாங்குகிறது. நொரியுகி இவடாரேயின் இசை, குறிப்பாக கோடோவுக்கான ஜாஸ், தனியே கேட்கத் தக்கது. ஆனால் அந்தக் கடைசி வழக்கின் கனம் முழுவதும் இரண்டாம் பாகத்தின் தோளில்தான் நிற்கிறது. மாயாவின் ஊரான குராயின் கிராமம், அவளுடைய ஃபே குடும்பத்தின் உள்பகை, சிறுமி பேர்ல் எல்லாம் அறிமுகமாவது அங்கேதான். அதைத் தாண்டிக் குதித்தவருக்குத் தகவல் புரியலாம், வலி புரியாது.

‘கிரேட்’ இந்தக் கணக்கில் வராது, தனியாக நிற்கிறது. மெய்ஜி கால ஜப்பானிலிருந்து விக்டோரிய லண்டனுக்குப் போகும் மாணவன் ரியூனோசுகே நருஹோடோவின் கதை. ஜப்பானில் 2015இலும் 2017இலும் இரு பாகங்களாக வந்தது, 2021இல் ஒரே தொகுப்பாக உலகெங்கும் வெளியானது, மொத்தம் பத்து வழக்குகள். ஆறு ஜூரிகள் சொல்வதை ஒன்றோடொன்று மோதவிட்டு அவர்கள் மனதை மாற்றும் முறையும், ஹெர்லாக் ஷோம்ஸ் அள்ளிவிடும் தப்புத் தப்பான அனுமானங்களை நாம் திருத்தும் ‘டான்ஸ் ஆஃப் டிடக்ஷ’னும் அருமை. அந்நியனாக நடத்தப்படுபவன் அதே நாட்டின் நீதிமன்றத்தில் வாதாடுவதில் உள்ள அவமானத்தை இது நேராகப் பேசுகிறது. மற்ற பாகங்களில் அந்த அழுத்தம் இல்லை.

ஆனால் நடை நிதானம், ஆங்கிலம் அடர்த்தி. ஃபீனிக்ஸும் மாயாவும் அடிக்கும் அரட்டைக்காக முதல் பாகத்தை நேசித்தவருக்கு உடனே இது ஒட்டாது. வரலாற்றுக் கதைகளில் ஊறியவர், ஃபீனிக்ஸைப் பற்றி எதுவும் தெரியாதவர், இருவருக்கும் இதுவே நல்ல தொடக்கம். எடுத்தால் இரண்டு பாகத்தையும் அடுத்தடுத்து விளையாட நேரம் வைத்துக்கொண்டு எடுங்கள். முதலாவதில் போடும் பெரிய முடிச்சுகள் இரண்டாவதில்தான் அவிழ்கின்றன.