முழு மயக்கமா, முதுகில் ஊசியா: கர்ப்பப்பை அறுவைக்குப் பிந்தைய வலி

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்கும்போது முழு மயக்கம் கொடுத்தால், அறுவை நடந்ததே தெரியாது. ஆனால் கண் விழித்ததும் வலியும் கூடவே விழித்துவிடும். மயக்க மருந்து தூங்கத்தான் வைக்கிறது; வலிக்குத் தனி மருந்து வேண்டும். மார்ஃபின் போன்றவற்றை இரத்த நாளத்தில் ஏற்றினால் வலி அடங்கும், குமட்டலும் தூக்கக்கலக்கமும் சேர்ந்துகொள்ளும். மூச்சுக்காகக் குழாய் போட்டதால் தொண்டையும் கரகரக்கும்.

முதுகில் போடும் ஸ்பைனல் ஊசி, வலிச் செய்தியைத் தண்டுவடத்திலேயே மறித்துவிடுகிறது. மரத்துப்போன நிலை சில மணி நேரம்தான். அதோடு துளி மார்ஃபின், அதாவது 0.1 மில்லிகிராம் அளவே, சேர்த்தால் ஏறக்குறைய ஒரு நாள் வரை வலி குறைவாக இருக்கும். முதல் நாளைக்கு என் ஓட்டு இதற்குத்தான். அரிப்பு வரலாம், சிறுநீர் கழிக்கச் சிரமப்படலாம். சிலருக்கு எழுந்து உட்கார்ந்தால் தலைவலி. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கு இந்த ஊசி சரிவராமல் போகலாம்.

சரி, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோபி என்றால்? வயிற்றில் வாயு நிரப்பித் தலையைத் தாழ்த்துவதால் பெரும்பாலும் முழு மயக்கம்தான். அப்புறம் வரும் தோள்வலிக்குக் காரணம் அந்த வாயு, மயக்க மருந்து அல்ல.