சாவியை யார் கையில் கொடுக்கிறார்கள்: கோவையில் மூன்று சொகுசு கார் ஷோரூம்கள்

நான் திருப்பூரில் பின்னலாடை நிறுவனம் நடத்துகிறேன். பதினோரு ஆண்டுகள் உழைத்த எங்கள் பழைய காருக்கு மாற்றாக, ஐம்பது லட்சத்துக்கு மேல் விலையுள்ள ஒரு காரை வாங்குவதென்று 2025 நவம்பரில் முடிவு செய்தோம். அதற்காகக் கோவை அவிநாசி சாலையிலும் அதையொட்டியும் உள்ள மூன்று ஷோரூம்களுக்கு அடுத்தடுத்த வாரங்களில் சென்று வந்தோம். மூன்றும் வெவ்வேறு ஐரோப்பிய நிறுவனங்களின் கார்களை விற்பவை. என்னுடன் எழுபத்து நான்கு வயதான அப்பா, தம்பி, பதினாறு ஆண்டுகளாக எங்களிடம் ஓட்டுநராக இருக்கும், நாங்கள் அண்ணன் என்றழைக்கும் ஒருவர் ஆகியோர் வந்தார்கள். பணம் கொடுப்பவள் நான். புதிய கார் பதிவாகப் போவதும் என் பெயரில்தான். கார்களைப் பற்றிய விமர்சனங்கள் வேண்டிய அளவு கிடைக்கின்றன. அவற்றை விற்பவர்கள் நம்மை எப்படி நடத்துகிறார்கள் என்று விரிவாக எழுதுவோர் குறைவு என்பதால் இதை எழுதுகிறேன். ஷோரூம்களின் பெயர்களைக் குறிப்பிடவில்லை. நான் கண்டது அந்தந்த மேசையில் அன்று இருந்தவர்களின் நடத்தையை. அதே பெயர்ப்பலகையின் கீழ் வேறொரு ஊரில் வேறொருவர் வேறுவிதமாக நடந்துகொள்ளக்கூடும்.

முதல் ஷோரூமில் எங்களை வரவேற்ற விற்பனையாளர் நேராகத் தம்பியிடம் சென்று, "சொல்லுங்க சார், எந்த மாடல் பாக்கறீங்க?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். அவருடைய அடுத்த கேள்வியும் தம்பியிடமே சென்றது. வாரண்டி எத்தனை ஆண்டு, அதை நீட்டிக்க எவ்வளவு ஆகும், சர்வீஸ் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று நான் கேட்டபோது, அவற்றுக்கான விடைகளைத் தம்பியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் பக்கம் திரும்பியது ஒரே ஒருமுறைதான். உள்ளே இருக்கைகளின் வெளிர் பழுப்பு நிறம் எனக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்பதற்காக. "அக்காதாங்க வாங்கறாங்க, அவங்ககிட்டப் பேசுங்க" என்று தம்பி தெளிவாகச் சொன்ன பிறகும், டெஸ்ட் டிரைவுக்குப் புறப்படும்போது சாவியை அவன் கையில்தான் கொடுத்தார். ஓட்டுநர் அண்ணனை வாகன நிறுத்தத்திலேயே இருக்கும்படி வாசல் காவலர் சொல்லிவிட்டார். நாள்தோறும் அந்தக் காரைத் துடைத்து, ஓட்டி, அதன் சிறு சத்தத்தையும் முதலில் கேட்கப்போகிறவர் அவர்தான் என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் உள்ள கொள்முதலாளர்களோடு பத்தொன்பது ஆண்டுகளாக விலை பேசி வருகிறேன்; ஒரு கூடத்தில் முடிவெடுப்பவர் யார் என்பதை அறிந்துகொள்ள அவர்களில் எவருக்கும் இவ்வளவு நேரம் ஆனதில்லை. திரும்பும் வழியில் அப்பா, "வாங்கறது நீதான்னு அவங்களுக்குக் கடைசி வரைக்கும் தெரியலையே அம்மிணி" என்று வருத்தத்தோடு சொன்னார்.

2022 ஜனவரியில் கர்நாடகத்தின் துமகூருவில், சரக்கு வாகனம் வாங்கச் சென்ற ஒரு விவசாயியின் தோற்றத்தைப் பார்த்து விற்பனையாளர் ஏளனமாகப் பேசியதும், அவர் பத்து லட்சம் ரூபாயைத் திரட்டிக்கொண்டு திரும்பி வந்ததும் நாடு முழுவதும் செய்தியானது. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் பலரும் அவர் பணத்தோடு திரும்பிய காட்சியைக் கொண்டாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பணம் இல்லாமல் திரும்பியிருந்தாலும் அவருக்கு அந்தப் பேச்சு கிடைத்திருக்கக் கூடாது. எங்களுக்கு நேர்ந்தது அந்த அளவுக்கு வெளிப்படையான அவமதிப்பு அல்ல. ஆனாலும் எதிரில் நிற்பவரைக் கேட்டறியாமல் கண்ணால் எடைபோடும் பழக்கம் இரண்டுக்கும் பொதுவானது.

இரண்டாவது ஷோரூமின் குறை வேறு வகையானது. அங்கே உபசாரத்துக்குக் குறைவே இல்லை. எங்கள் பெயர் வாசலில் உள்ள திரையில் ஒளிர்ந்தது. ஃபில்டர் காபி வந்தது. மேலாளர் எழுந்து வந்து அப்பாவின் கையைப் பற்றி அமரவைத்தார். அண்ணனுக்கும் உள்ளே இருக்கை கொடுத்தார்கள். இதையெல்லாம் நான் மதிக்கிறேன். ஆனால் விலையைக் கேட்டதும் ஒரு துண்டுத் தாளில் ஆன் ரோடு தொகையை, அதாவது வரிகளும் காப்பீடும் சேர்ந்த மொத்த விலையை மட்டும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தார்கள். பிரித்துத் தரும்படி மூன்று முறை கேட்க வேண்டியிருந்தது.

இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வாடிக்கையாளரை மதிப்பது உண்மையில் இந்தத் தாளில்தான் தெரிகிறது. எக்ஸ் ஷோரூம் விலைக்குள் ஜிஎஸ்டி அடங்கியிருக்கிறது. 28 விழுக்காடு வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் இருந்த பெரிய கார்களுக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் செஸ் இல்லாத 40 விழுக்காடு என்று ஆகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்குப் பிறகு இருபது லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20 விழுக்காடு. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட எந்தக் காருக்கும் விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் டிசிஎஸ் என்ற முன்கூட்டிய வரியாக ஒரு விழுக்காடு பிடிப்பார்கள். அது நம் பான் எண்ணில் வரவாகி, வருமான வரிக் கணக்கில் நமக்கே திரும்பி வரும் தொகை. அறுபது லட்சம் ரூபாய்க் காரில் இது அறுபதாயிரம். அந்த ஷோரூம் கடைசியில் தந்த பட்டியலில் இந்தத் தொகை "இதர செலவுகள்" என்ற தலைப்பில், ஹேண்ட்லிங் கட்டணம் என்ற ஒன்றோடு சேர்த்துப் போடப்பட்டிருந்தது. எனக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய பணத்தைச் செலவு என்று எழுதியது கவனக்குறைவா, வேறு காரணமா என்பதை நான் ஆராயவில்லை. ஹேண்ட்லிங் கட்டணம் எந்த வேலைக்கானது என்று கேட்டதும், மறுபேச்சில்லாமல் அதை நீக்கிவிட்டார்கள். கேட்காதவர்கள் அதைக் கட்டிக்கொண்டுதான் இருப்பார்கள்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று நடந்தது. நிறுவனத்தின் பெயரில் வாங்கினால் ஜிஎஸ்டி முழுவதையும் உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து எடுத்துக்கொள்ளலாம் என்று விற்பனையாளர் உறுதியாகச் சொன்னார். அது சரியல்ல. ஓட்டுநரையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் வரை அமரக்கூடிய பயணியர் வாகனங்களுக்கு, கார் விற்பதும் வாடகைக்கு ஓட்டுவதும் போன்ற தொழிலில் இருப்பவர்கள் தவிர மற்றவர்கள் அந்த வரவைப் பெற முடியாது என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு தடுத்திருக்கிறது. மாதந்தோறும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் செய்பவள் என்பதால் எனக்கு அது தெரிந்திருந்தது. புதிதாகத் தொழில் தொடங்கிய ஒருவர் அந்தச் சொல்லை நம்பிக் கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, ஆடிட்டரிடம் கேட்கும்படி கூறியிருந்தால் அந்த இளைஞர் மீது எனக்கு மதிப்புக் கூடியிருக்கும்.

காப்பீட்டிலும் இதே நிலைதான். தங்களிடமே எடுத்தால்தான் கையிலிருந்து பணம் கட்டாமல் பழுதுநீக்கும் கேஷ்லெஸ் வசதி கிடைக்கும் என்று வற்புறுத்தினார்கள். டீலர்கள் வழியே காப்பீடு விற்பதற்கான ஒழுங்குமுறையைக் காப்பீட்டு ஆணையம் 2017-இலேயே வகுத்திருக்கிறது. குறிப்பிட்ட பாலிசியை எடுக்கும்படி வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்த அதில் இடமில்லை. அதே காப்பீட்டு மதிப்பு, உதிரிபாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காத அதே பாதுகாப்பு ஆகியவற்றோடு வெளியே வாங்கிய மதிப்பீடு கணிசமாகக் குறைவாக இருந்தது. அதைக் காட்டிய பிறகு அவர்களும் இறங்கி வந்தார்கள். இறுதியாக, எனக்கு ஒதுக்கப்படும் கார் எந்த மாதம் தயாரானது என்று கேட்டேன். ஆண்டு இறுதியில் இது முக்கியமான கேள்வி. உற்பத்தி மாதமும் ஆண்டும் ஆர்சி என்ற பதிவுச் சான்றில் இடம்பெறுவதால், பின்னாளில் விற்கும்போது விலையை அதுவே தீர்மானிக்கும். "யார்டுல பாத்துச் சொல்றோம் மேடம்" என்றவர்கள் ஒரு வாரம் ஆகியும் சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் விலை ஏறும், அதற்குள் முன்பணம் கட்டிவிடுங்கள் என்று அந்த ஒரு வாரத்தில் நான்கு முறை அழைத்தார்கள்.

மூன்றாவது ஷோரூமில் எங்களைச் சந்தித்தவர் இருபத்தைந்து வயதைத் தாண்டாத ஒரு பெண். அவருடைய முதல் கேள்வி, "யார் ஓட்டுவாங்க, யார் எங்க உக்காருவாங்க?" என்பதுதான். மற்ற இரண்டு இடங்களிலும் பட்ஜெட்டைத்தான் முதலில் கேட்டிருந்தார்கள். நான்தான் வாங்குகிறேன், அண்ணன் ஓட்டுவார், அப்பா பின்னால் அமர்வார், அப்பாவுக்கு மூட்டு அறுவைச் சிகிச்சை ஆகியிருக்கிறது என்று சொன்னேன். நாங்கள் பார்க்க வந்தது ஒரு செடான். அவர் அப்பாவை அதில் ஏறி இறங்கச் சொல்லி, பிறகு சற்று உயரமான எஸ்யுவியிலும் ஏறி இறங்கச் சொன்னார். இரண்டிலும் இரண்டிரண்டு முறை. செடானிலிருந்து எழும்போது அப்பா கதவின் மேல்விளிம்பைப் பற்றிக்கொள்வதையும், மற்றதில் கால் தரையில் பட்டதும் தானாகவே எழுந்துவிடுவதையும் எனக்குச் சுட்டிக்காட்டினார். நானே மகளாக இருந்தும் கவனிக்காத ஒன்று அது.

டீசல் வேண்டும் என்றுதான் நாங்கள் எண்ணியிருந்தோம். நாள்தோறும் எவ்வளவு தூரம் ஓடும் என்று அவர் கேட்டார். வீட்டுக்கும் தொழிற்சாலைக்கும் இடையே நான்கைந்து கிலோமீட்டர், மாதத்தில் இரண்டு மூன்று முறை கோவை விமான நிலையம், எப்போதாவது சென்னை என்று சொன்னோம். இன்றைய பிஎஸ் 6 டீசல் எஞ்சின்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போதுதான் அந்தக் கரி எரிந்து வெளியேறும், ஊருக்குள் குறுகிய தூரமே ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும், புகையின் நச்சைக் குறைக்கும் ஆட்ப்ளூ திரவத்தையும் அவ்வப்போது நிரப்ப வேண்டும் என்று விளக்கி, எங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோலே பொருந்தும் என்றார். இந்த விளக்கத்தை அவர் பெரும்பாலும் அண்ணனைப் பார்த்தே சொன்னார். அங்கே டீசல் கார் இருப்பில் இருந்தது. பெட்ரோலுக்கு ஐந்து வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. மாத இலக்கு உள்ள ஒரு விற்பனையாளர், கையிலிருக்கும் காரை விட்டுவிட்டு, வரவேண்டிய காரைப் பரிந்துரைப்பதன் பொருள் வணிகம் செய்யும் எனக்குத் தெரியும்.

டெஸ்ட் டிரைவில் முதலில் என்னிடமும் பிறகு அண்ணனிடமும் சாவியைக் கொடுத்தார். அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் நீள ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் எந்தக் காரும் வழுக்கிக்கொண்டுதான் போகும் என்று சொல்லி, போகும்போது பாலத்துக்குக் கீழே, மேடுபள்ளமும் நெரிசலும் உள்ள சாலையில் அழைத்துச் சென்றார், திரும்பும்போதுதான் மேலே. அப்பா பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். மறுநாள் காலையில் எக்ஸ் ஷோரூம் விலை, சாலை வரி, பதிவுக் கட்டணம், டிசிஎஸ், காப்பீடு, ஃபாஸ்டாக் என்று தனித்தனி வரிகளோடு கொட்டேஷன் மின்னஞ்சலில் வந்தது. காப்பீட்டுக்கு எதிரே "விருப்பத்துக்குரியது" என்ற குறிப்பும் இருந்தது. முதல் நாள் ஷோரூமில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது இரண்டு கல்லூரி மாணவர்கள் ஒரு காரைப் பார்க்க வந்தார்கள். வாங்க வந்தவர்கள் இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. வேறொரு விற்பனையாளர் அவர்களுக்காகக் கதவைத் திறந்து, அமர்ந்து பார்க்கச் சொன்னார். அந்த நிமிடத்தில்தான் இங்கேயே வாங்குவது என்று மனத்துக்குள் முடிவு செய்தேன்.

விற்பனையாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது என்பதையும் சொல்ல வேண்டும். காரின் மீது டீலருக்குக் கிடைக்கும் லாபத்தில் தள்ளுபடிப் போட்டி கைவைக்கும்போது, காப்பீடு, கடன், துணைப்பொருட்கள் ஆகியவற்றை விற்கும் அழுத்தம் மேசைக்கு எதிரே அமர்ந்திருக்கும் இளைஞர்கள் மீதுதான் விழுகிறது. மெர்சிடிஸ் பென்ஸ் இந்தியா 2021 அக்டோபரில் இருப்பையும் விலைப்பட்டியலையும் தானே எடுத்துக்கொண்டு, நாடு முழுவதும் ஒரே விலை என்ற முறைக்கு மாறியது. பேரத்துக்கு இடமில்லாத அந்த முறையில், ஒரு ஷோரூமை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது அங்குள்ளவர்களின் பொறுமையும் நேர்மையும்தான். அது நல்ல திசை என்றே எண்ணுகிறேன்.

ஜனவரியில் கார் வந்தது. டெலிவரிக்கு முந்தைய நாள், மூடுதிரை போடுவதற்கு முன்பே பகல் வெளிச்சத்தில் வந்து பார்த்துக்கொள்ளும்படி மூன்றாவது ஷோரூமின் அந்தப் பெண் அழைத்தார். அண்ணன் சென்று சேசிஸ் எண், டயர்களின் தயாரிப்பு வாரம், பெயிண்ட், ஓடிய கிலோமீட்டர் எல்லாவற்றையும் சரிபார்த்தார். பின்கதவின் ரப்பர் விளிம்பு ஓரிடத்தில் விலகியிருந்ததைக் கண்டுபிடித்தவரும் அவரே. அன்று மாலைக்குள் மாற்றித் தந்தார்கள். முழுக் குறையில்லாத அனுபவம் என்று சொல்ல முடியாது. வாக்களித்த நாளுக்கு ஒன்பது நாள் தாமதமாகத்தான் எண் பலகை கிடைத்தது. ஆனால் தாமதமாகும் என்ற செய்தி, நான் கேட்பதற்கு முன்பே அவரிடமிருந்து வந்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து அவர் வேறு நிறுவனத்துக்குச் சென்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்தவருக்கு, கூடுதல் வாரண்டிக்குத் தருவதாகச் சொன்ன சலுகையைப் பற்றி எதுவும் தெரியவில்லை. பழைய மின்னஞ்சலை அனுப்பியதும் ஒப்புக்கொண்டார். இந்தத் தொழிலில் ஆட்கள் அடிக்கடி மாறுவார்கள். ஆகவே எவ்வளவு நல்லவர் சொன்னாலும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சிக்கல் முற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சத்தைத் தாண்டி இரண்டு கோடிக்குள் இருந்தால் வழக்கு மாவட்ட ஆணையத்துக்குப் போகாது, மாநில ஆணையத்தில்தான் தாக்கலாகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் ஷோரூமின் விசாரணைப் படிவத்தில் என் பெயரையும் என் கைப்பேசி எண்ணையும் நானே எழுதிக் கொடுத்திருந்தேன். மாத இறுதி நெருங்கும்போதெல்லாம் புதிய சலுகைகளைச் சொல்லி அங்கிருந்து இன்றும் அழைக்கிறார்கள். அந்த அழைப்பு வருவது தம்பியின் எண்ணுக்கு.